உத்தரவும் உழைப்பும்

ஆசிரியருக்கு, வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரை, ‘சோஷலிஸ்ம் ஊ பார்பரி’ (‘சோஷலிசமா, காட்டுமிராண்டித்தனமா’) என்ற பிரெஞ்சு இடதுசாரி இதழை வெறும் சோவியத் எதிர்ப்பு ஏடாகச் சுருக்கிவிட்டது வருத்தம் தருகிறது. சோவியத் அரசைத் திட்ட அன்றைய பிரான்சில் வலதுசாரி ஏடுகளுக்குப் பஞ்சமில்லை. 1949 மார்ச்சில் முதல் இதழைக் கொண்டுவந்த இந்தக் குழு பார்த்த பிளவு வேறு: உத்தரவு போடுபவர் ஒருவர், அதைச் செய்து முடிப்பவர் இன்னொருவர். இது நீடிக்கும்வரை ஆலை முதலாளியிடம் இருந்தாலும் அரசிடம் இருந்தாலும் சுரண்டல் ஒழியாது என்றார்கள். ரஷ்யாவைச் சீரழிந்தாலும் தொழிலாளர் அரசுதான் என்று கருதிய ட்ராட்ஸ்கியக் கட்சியை (ஸ்டாலினை எதிர்த்த ட்ராட்ஸ்கியின் வழிவந்த கம்யூனிஸ்டுகள்) விட்டு அவர்கள் வெளியேறியதும் ரஷ்யா பற்றிய இந்தக் கருத்து வேறுபாட்டால்தான்.

கட்டுரை தொடாமல் விட்ட இடம் ஆலைத் தளம். 1958 ஜனவரியில் வந்த 23ஆம் இதழில், குழுவை நிறுவியவர்களில் ஒருவரான காஸ்டோரியாடிஸ் இதை விரிவாக எழுதினார். ஒவ்வொரு வேலைக்கும் இத்தனை நொடி என்று ஸ்டாப்வாட்ச் வைத்து நிர்வாகம் கணக்குப் போடுகிறது. கணக்கெடுக்க ஆள் வந்து நின்றால் தொழிலாளி வேகத்தைக் குறைத்துக் காட்டுகிறார். உண்மையான வேகம் தெரிந்தால் நாளை அதுவே கட்டாயமாகும். மறுபக்கம், மேலிருந்து வரும் திட்டம் ஒருபோதும் முழுமையாக இருப்பதில்லை. பொருள் தரம் மாறும், இயந்திரம் மக்கர் செய்யும். அந்த ஓட்டையை அடைப்பது தொழிலாளியின் கைப்பக்குவமும் பக்கத்து ஆளின் உதவியுமே. சொன்னதை மட்டும் செய்தால் உற்பத்தி நின்றுவிடும். ‘விதிப்படி வேலை’ போராட்டம் பலிப்பதன் ரகசியம் இதுதான். தொழிலாளியை ஒதுக்கவும் வேண்டும், அவர் தயவும் வேண்டும்: நிர்வாகத்தின் தீராத முரண்பாடு இது. குழு நமக்கு விட்டுச்சென்றவற்றில் இதையே நான் முதலில் வைப்பேன்.

இதற்கான சான்றுகளைத் தொழிலாளிகளே எழுதவேண்டும் என்று 1952இல் 11ஆம் இதழில், இன்னொரு நிறுவனரான க்ளோத் லெஃபோர் கேட்டார். வந்தவை சொற்பம். பாரிஸை ஒட்டிய பியாங்கூரின் ரெனோ கார் ஆலையில் மில்லிங் மெஷினில் நின்ற டானியல் மோத்தே தொடர்ந்து எழுதியது பெரிய விதிவிலக்கு. 1965இல் 40ஆம் இதழோடு வெளியீடு நின்றது. 1967இல் குழு கலைந்தது. வாசகர்கள் கருத்துகளை வாங்கிக்கொள்பவர்களாகவே இருந்துவிட்டார்கள் என்பது அவர்களே சொன்ன காரணங்களில் ஒன்று.

பழைய இதழ்களைத் தேடுவோருக்கு ஒரு குறிப்பு. காஸ்டோரியாடிஸ் அப்போது பிரெஞ்சுக் குடியுரிமை இல்லாத கிரேக்கர். வெளியேற்றப்படும் ஆபத்து இருந்ததால் சொந்தப் பெயரில் எழுதவில்லை. முதலில் ப்யேர் ஷோலியூ, பிறகு போல் கார்டான் என்ற பெயர்களில் பாருங்கள். லெஃபோர், க்ளோத் மோந்தால் என்றும் எழுதியிருக்கிறார். அல்ஜீரியப் போர் குறித்து எழுதிய ஃப்ரான்ஸ்வா லபோர்த், பின்னாளில் புகழ்பெற்ற தத்துவவாதி லியோதார்தான்.

— ஒரு வாசகர், திருச்சி