தேடிப் பார்க்க ஒன்றுமில்லையா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இணைப்பிதழில் விடுமுறைக்கு ஏற்ற பத்து வீடியோ கேம்கள் என்று ஒரு கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். பத்தில் ஏழு துப்பாக்கிச் சண்டை, இரண்டு கார்ப் பந்தயம், ஒன்று கிரிக்கெட். கட்டுரையாளரின் விருப்பம் அப்படி என்று பக்கத்தைப் புரட்டியிருப்பேன். ஆனால் கடைசிப் பத்தியில், “இவை போக இந்தத் துறையில் தேடிப் பார்க்க ஒன்றுமில்லை” என்று தீர்ப்பு எழுதி முடித்திருக்கிறார். தேடிப் பார்த்தவர் யாரும் இப்படி எழுதியிருக்க மாட்டார். அவருடைய பட்டியலில் மூன்றாம் இடத்தில் இருக்கும் ஃப்ரீ ஃபயர் 2022 பிப்ரவரியில் மைய அரசால் தடைசெய்யப்பட்டது என்பதும், அந்தச் செய்தி தங்கள் நாளிதழிலேயே வந்தது என்பதும் தாங்கள் அறியாததல்ல. செய்திப் பக்கத்தை இணைப்பிதழ்க்காரர்கள் வாசிப்பதில்லை போலும்.

நான் கீழக்கரையில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவன். எனக்குப் பொறியியல் பட்டம் கிடையாது. ஆனால் எங்கள் கடலோரத்துப் பிள்ளைகள் கணினியில் எதை ஆடுகிறார்கள், எதைக் காட்டினால் நிமிர்ந்து உட்காருகிறார்கள் என்பதைத் தினமும் பார்த்துக்கொண்டிருப்பவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

லூகாஸ் போப் என்பவர் ஏறத்தாழத் தனி ஆளாகச் செய்து 2018இல் வெளியிட்ட ‘ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்’ என்ற விளையாட்டைத் தங்கள் கட்டுரையாளர் கேள்விப்பட்டிருக்க வேண்டும். கேள்விப்பட்டும் விட்டுவிட்டார் என்றே மரியாதைக்காக வைத்துக்கொள்கிறேன். காணாமற்போன ஒரு வணிகக் கப்பல் 1807இல் ஆளில்லாமல் இங்கிலாந்தின் ஃபால்மத் துறைமுகத்துக்கு மிதந்து வருகிறது. ஆடுபவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் காப்பீட்டு ஆய்வாளர். கையில் ஒரு பழைய கடிகாரம். சடலத்தின் அருகே அதைத் திறந்தால் அந்த மனிதனின் கடைசி ஓசைகள் கேட்கும், பிறகு அவன் செத்த நொடி அப்படியே உறைந்து நிற்கும், அதற்குள் நடந்து போய்ப் பார்க்கலாம். கப்பலில் இருந்த 60 பேரும் யார் யார், ஒவ்வொருவருக்கும் என்ன ஆயிற்று என்று ஏட்டில் எழுத வேண்டும். யாரும் துப்புக் கொடுப்பதில்லை. உடுப்பு, பேச்சு, படுக்கும் இடம், யார் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பதை வைத்து நாமே கணிக்க வேண்டும். மூன்று பேருடைய கதி சரியாக எழுதப்பட்ட பிறகுதான் விளையாட்டு அதை ஒப்புக்கொள்ளும் என்பதால் குருட்டாம்போக்கில் நிரப்பித் தப்பவும் முடியாது. இதைக் கறுப்பு வெள்ளைக் கோட்டுப் படம் போலவே வரைந்திருக்கிறார்கள். தங்கள் கட்டுரையாளர் புகழ்ந்து தள்ளியிருக்கும் ‘கண்ணைப் பறிக்கும் கிராபிக்ஸ்’ இதில் கிடையாது.

சரக்குக் கப்பல்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் மாமா ஒரு மாலை கடையில் உட்கார்ந்திருந்தபோது ஒரு கல்லூரி மாணவன் இதை ஆடித் திணறிக்கொண்டிருந்தான். மாமாவுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. கண்ணாடியை ஏற்றிவிட்டுத் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தவர், “மருமவனே, இவன் பாய்மரத்துல ஏறுற ஆளு, அந்தா நிக்கிறவன் ஆபீசருக்குத் தட்டுத் தூக்குற ஆளு, சட்டையப் பாத்தாலே தெரியலையா” என்று சொல்லிவிட்டு, மாணவன் ஒன்றாக நினைத்திருந்த இருவரை வேறு வேறாகப் பிரித்துக் காட்டினார். அந்தக் கப்பலின் ஆட்பட்டியலில் இந்திய மாலுமிகளும் இருக்கிறார்கள் என்று சொன்னதும், அவர்களுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டவர், கடை அடைக்கும் வரை எழுந்திருக்கவில்லை. சீதக்காதியின் மரக்கலங்கள் போய்வந்த துறையில் பிறந்தவர்களுக்கு இப்படியொரு விளையாட்டு இருப்பதை யார் சொல்ல வேண்டும்? பழுதுபார்க்கும் கடைக்காரனா, பல லட்சம் பேர் வாசிக்கும் நாளிதழா?

அதே லூகாஸ் போப் 2013இல் செய்த ‘பேப்பர்ஸ், ப்ளீஸ்’ இன்னும் எளிய கணினியில் ஓடும். 2022 முதல் கைப்பேசியிலும் கிடைக்கிறது. கற்பனையான ஒரு நாட்டின் எல்லைச் சாவடியில் கடவுச்சீட்டு சரிபார்க்கும் குமாஸ்தாவாக நாம் உட்கார வேண்டும். சரிபார்த்த ஆள் கணக்குக்குத்தான் கூலி. அந்தக் கூலியில்தான் வீட்டுக்குச் சோறும் மருந்தும். கணவனை உள்ளே விட்டாயிற்று, பின்னால் வரும் மனைவியிடம் நுழைவு அனுமதிச் சீட்டு இல்லை, என்ன செய்வது? சிலோன் தோட்டங்களுக்குப் போகிறவர்களை மண்டபம் முகாமில் நிறுத்திவைத்துச் சோதித்து அனுப்பிய கதையையும், பின்னாளில் அதே மண்டபத்துக்கு அகதிகளாக வந்திறங்கியவர்களின் கதையையும் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் எங்கள் பிள்ளைகள். அந்தச் சாவடிக்குள் அவர்களை உட்கார வைத்துப் பாருங்கள். முத்திரை குத்த அவர்களுக்குக் கை வருவதில்லை.

நியூசிலாந்தின் சிறு குழு ஒன்று 2023இல் வெளியிட்ட ‘டிரெட்ஜ்’ மீன்பிடி விளையாட்டு. பிடித்த மீனைப் படகில் கட்டம் பார்த்து அடுக்க வேண்டும், நாள் கடந்தால் மீன் கெட்டுப்போகும், இருட்டினால் கடல் பயமுறுத்தும். மீன்பிடித் தடைக்காலத்தில் கடைக்கு வந்த பாம்பன் பையன் ஒருவன் சற்று நேரம் ஆடிவிட்டு, “அண்ணே, டீசலுக்குக் காசே குடுக்க வேணாமா? அப்ப நாங்களும் அந்த ஊருக்கே போயிர்றோம்” என்றான். நான் வாசித்த எந்த விமர்சனத்திலும் இந்தக் குறை வரவில்லை. அலாஸ்காவின் இனுபியாக் மக்கள் தங்கள் மூதாதையர் கதையைத் தங்கள் மொழியிலேயே சொல்ல வைத்த ‘நெவர் அலோன்’ 2014இலேயே வந்துவிட்டது. ஆவுளியா என்னும் கடற்பசுவும் 21 தீவுகளும் இருக்கும் மன்னார் வளைகுடாவைப் பற்றி அப்படியொன்று யாராவது செய்யமாட்டார்களா என்று நான் ஏங்குவதுண்டு. அதற்கு முதலில் அலாஸ்காக்காரர்கள் செய்தது இங்கே ஒருவன் காதிலாவது விழ வேண்டுமே.

‘வெண்பா’ விஷயத்தில் எனக்குள்ள மனக்குறை பழையது. கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பம் ஒன்றின் சமையலறையை வைத்து, டொராண்டோவில் தமிழ் இளைஞர் ஒருவர் தலைமையிலான குழு செய்து 2023இல் வெளியிட்ட விளையாட்டு அது. அம்மாவின் சமையல் ஏடு கிழிந்தும் மை அழிந்தும் இருக்க, இட்லித் தட்டை எப்படி அடுக்கினால் ஆவி போகும் என்பதில் தொடங்கி நாமே யோசித்துச் சமைக்க வேண்டும். ஆடி முடிக்க ஒரு மாலை போதும். 2024இல் அது பிரிட்டனின் பாஃப்டா விருதைச் சிறந்த அறிமுக விளையாட்டுக்காகப் பெற்றபோது, தங்கள் நாளிதழில் ஒற்றைப் பத்திச் செய்தியாவது வரும் என்று காத்திருந்துவிட்டு நானே தங்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன். கடிதம் வெளிவந்தது, மறுக்கவில்லை. “தங்கள் நாளிதழைத் தவறாமல் வாசித்து வருகிறேன்” என்ற முதல் வரி மட்டும் வெளிவந்தது.

அதைக்கூட இடப்பற்றாக்குறை என்று ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் இணைய ரம்மியில் கடன்பட்டு ஒருவர் இறந்தால் ‘வீடியோ கேம் விபரீதம்’ என்று தலைப்பிட்டுவிட்டு, அதே இதழின் கடைசிப் பக்கம் முழுவதையும் ரம்மி நிறுவனத்தின் விளம்பரத்துக்குக் கொடுத்ததற்கு இடம் எங்கிருந்து வந்தது? 2022இல் தமிழக சட்டமன்றம் தடை மசோதாவை நிறைவேற்றிய பிறகும் அந்த விளம்பரங்கள் முழுதாக நிற்கவில்லை. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்த பிறகுதான் தங்கள் கடைசிப் பக்கத்துக்கு நகைக்கடைகள் திரும்பி வந்தன. காசு வைத்து ஆடும் சூதையும், ஒரு கப்பலில் 60 பேருடைய விதியைத் துப்புத்துலக்கும் வேலையையும் ஒரே தலைப்பில் போட்டுக் குழப்பியதன் பலனை நாங்கள் அனுபவிக்கிறோம். கணினியில் மகன் எதை ஆடினாலும் “ரம்மியா?” என்று கேட்டு மூடச் சொல்லும் பெற்றோரை நான் குறை சொல்ல மாட்டேன், அவர்கள் தங்கள் நாளிதழைத்தான் வாசிக்கிறார்கள்.

இதற்கெல்லாம் பணக்காரக் கணினி வேண்டும் என்றும் தங்கள் கட்டுரை சொல்கிறது. அரசு மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகள் பல இன்றும் என் மேசைக்கு வருகின்றன. அவற்றிலேயே ‘பேட்டில் ஃபார் வெஸ்னாத்’ ஓடுகிறது. 2003 முதல் தன்னார்வலர்கள் வளர்த்து இலவசமாகக் கொடுத்துவரும் போர்த்தந்திர விளையாட்டு அது. ஒரு படைக்குப் பகலில் பலம், இன்னொன்றுக்கு இரவில் பலம், சதுப்பில் நிற்பவன் அடி வாங்குவான், கோட்டைக்குள் நிற்பவன் தாங்குவான் என்று ஆற அமர யோசித்து ஆடுவது. ஒருமுறை இறக்கிவிட்டால் தனியாக ஆட இணையம் வேண்டாம். நடுவில் காசு கேட்காது. இணைய வேகம் எப்போது போகும், எப்போது வரும் என்று தெரியாத எங்கள் ஊர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

என் வேண்டுகோள் மிகச் சிறியது. மாதம் இருமுறை, இணைப்பிதழில் ராசிபலனுக்குக் கீழே காலியாகக் கிடக்கும் இடத்தில், அதிகம் அறியப்படாத ஒரு நல்ல விளையாட்டைப் பற்றிப் பத்து வரி போடுங்கள். யார் செய்தது, எந்த ஆண்டு வந்தது, பழைய கணினியில் ஓடுமா, இணையம் இல்லாமல் ஆட முடியுமா, எவ்வளவு ஆங்கிலம் தெரிய வேண்டும், நடுவில் பணம் கேட்குமா என்ற விவரங்கள் இருந்தால் போதும். கட்டுரையாளருக்கு நேரமில்லை என்றால் விவரங்களை நானே எழுதி அனுப்புகிறேன், சன்மானம் வேண்டாம். கூடவே, “தேடிப் பார்க்க ஒன்றுமில்லை” என்ற வரிக்கு ஒரு திருத்தமும் வெளியிட வேண்டுகிறேன்.

இக்கடிதத்தைச் சுருக்க நேர்ந்தால், அருள்கூர்ந்து வணக்கத்தையும் மரியாதைச் சொற்களையும் முதலில் வெட்டுங்கள். விளையாட்டுகளின் பெயர்களில் கை வைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
கணினிக் கடைக்காரர்,
கீழக்கரை.