வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் ஊரில் நிற்பவர்கள் கவனத்துக்கு

உறவுகளே, வணக்கம். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குக்கு வந்து, ஆடி அமாவாசைக்கு மட்டக்களப்பு மாமாங்கேஸ்வரர் கோயில் தீர்த்தமும் ஆடிவிட்டுப் போக நினைப்பவர்கள் இதைக் கட்டாயம் வாசியுங்கள்.

இலங்கைச் சுற்றுலா விசாவில் முதலில் கிடைப்பது 30 நாட்கள்தான். பிறந்தது மட்டக்களப்பு, காணியும் வீடும் இங்கேதான் என்பதெல்லாம் அங்கே கணக்கில் வராது. இரட்டைக் குடியுரிமை இல்லையென்றால் குடிவரவுத் திணைக்களத்துக்கு நீங்கள் வெளிநாட்டவர்தான். வயதான அம்மா அப்பாவோடு வந்து நிற்கும் பிள்ளைகள் இதை மறந்துவிடுகிறார்கள் என்பதுதான் என் கவலை.

30 நாட்கள் முடியும் முன்பே நீடிப்புக்கு விண்ணப்பித்துவிடுங்கள். அதற்காகத் திணைக்களத்தின் தலைமை அலுவலகம் இருக்கும் பத்தரமுல்லைக்கு இரவு பஸ் ஏறத் தேவையில்லை, திணைக்களத்தின் இணையத்தளத்திலேயே செய்யலாம். அதே மாதிரித் தோற்றத்தில் கூடுதல் காசு வாங்கும் தனியார் தளங்களும் உண்டு. முகவரி அரசாங்கத்தினுடையதுதானா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். கட்டணம் நாட்டுக்கு நாடு வேறு. கடவுச்சீட்டு காலாவதியாகும் திகதியையும் ஒருமுறை பாருங்கள். விசா முடியும் நாள் தவறினால் தண்டப்பணம், விமானநிலையத்தில் அலைச்சல் வேறு.

சுற்றுலா விசாவில் சம்பளத்துக்கு வேலை செய்யக்கூடாது. இலங்கைக் குடிமகனை அல்லது குடிமகளை மணந்தவர்களுக்கு வதிவிட விசா இருக்கிறது, மாதக்கணக்கில் நிற்பதானால் அதுதான் சரி. இரட்டைக் குடியுரிமை எடுக்க யோசிப்பவர்கள், ஊரில் நிற்கும்போதே பிரதேச செயலகத்தில் பிறப்புச் சான்றிதழ் பிரதி எடுத்து வையுங்கள்.

சந்தேகம் இருந்தால் கேளுங்கள். ஆனால் கடவுச்சீட்டுப் படத்தைக் குழுவில் போடவேண்டாம், எனக்குத் தனியாக அனுப்புங்கள்.