டாக்டர் படிப்பு வீணாகாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் கல்வி வழிகாட்டிப் பக்கத்தில் ஒரு கேள்வி வந்திருந்தது. எம்.பி.பி.எஸ். முடித்து மருத்துவமனையில் வேலை பார்க்கும் 29 வயது டாக்டர் ஒருவர், செல் சவ்வு (செல்லைச் சுற்றியுள்ள மெல்லிய படலம்) ஆராய்ச்சிக்குப் போக ஆசைப்படுகிறேன், எதிலிருந்து படிக்கத் தொடங்குவது என்று கேட்டிருந்தார். இத்தனை வருடப் படிப்பை வீணாக்காமல் எம்.டி.க்குத் தயாராகுங்கள் என்று பதில் போட்டிருந்தீர்கள். அவர் கேட்டது ஒன்று, நீங்கள் சொன்னது வேறு. அந்த 'வீண்' என்ற வார்த்தை என்னை இரண்டு நாளாக விடவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

ராடெரிக் மெக்கின்னன் என்று ஓர் அமெரிக்கர். 1956ல் பிறந்தவர். பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் இளநிலை படிக்கும்போது கிறிஸ்டோபர் மில்லர் என்பவரின் ஆய்வகத்தில் கொஞ்ச காலம் வேலை பார்த்தார். அப்புறம் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்து 1982ல் டாக்டரானார், பாஸ்டனில் பெரிய மருத்துவமனையில் பயிற்சியும் முடித்தார். நம் ஊர்க் கணக்கில் பார்த்தால் எல்லாம் கைகூடி வந்த நேரம். அப்போது, ஏறத்தாழ 30 வயதில், அதை விட்டுவிட்டு பழைய ஆசிரியர் மில்லரிடமே திரும்பிப் போய் ஆராய்ச்சி மாணவரைப் போல முதலிலிருந்து தொடங்கினார். நம் வீடுகளில் இப்படி ஒரு பிள்ளை செய்தால் சொந்தக்காரர்கள் எல்லோரும் வந்து உட்கார்ந்து பேசிப் பேசியே மனதை மாற்றிவிடுவார்கள்.

அவர் எடுத்துக்கொண்ட கேள்வியைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நம் ஒவ்வொரு செல்லையும் மூடியிருப்பது கொழுப்பு மூலக்கூறுகள் இரண்டு அடுக்காக நிற்கும் ஒரு மெல்லிய படலம். எண்ணெயில் உப்பு கரையாதது போலத்தான், இந்தப் படலத்துக்குள்ளும் உப்பு அயனிகள், அதாவது மின்னூட்டம் கொண்ட அணுக்கள், நுழைய முடியாது. அதற்காகப் படலத்தில் ஆங்காங்கே புரதத்தால் ஆன மடைகள் இருக்கின்றன. பொட்டாசியத்துக்கு ஒரு மடை, சோடியத்துக்கு வேறு மடை. நரம்பில் செய்தி ஓடுவதும் இதயம் துடிப்பதும் இந்த மடைகள் முறை வைத்துத் திறந்து மூடுவதால்தான். ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இரண்டு பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் 1952லேயே கணவாய் மீனின் பெரிய நரம்பை வைத்து இதன் கணக்கை எழுதிவிட்டார்கள். ஆனால் மடை எப்படி இருக்கும் என்று யாரும் பார்த்ததில்லை. அதோடு ஒரு புதிரும் இருந்தது. சோடியம் அயனி பொட்டாசியத்தைவிடச் சின்னது. பெரியது போகிற ஓட்டையில் சின்னது ஏன் போகவில்லை? போவது மெதுவாக என்றாலும் பரவாயில்லை, ஒரு நொடிக்குக் கோடிக்கணக்கில் பொட்டாசியம் பாய்ந்துகொண்டிருக்கும் வழி அது!

மில்லரிடமும், 1989க்குப் பிறகு ஹார்வர்டிலும், தேள் விஷத்தை வைத்து இந்த மடைகளைத் துழாவினார் மெக்கின்னன். அந்த விஷம் மடையின் வாயை அடைத்துக்கொள்ளும், அது எங்கே ஒட்டுகிறது என்று பார்த்தால் வாய் எங்கே என்று தெரியும். நல்ல பெயர் கிடைத்தது. ஆனாலும் உருவத்தை நேரில் காணாமல் புதிர் அவிழாது என்று அவருக்குப் பட்டது. அதற்குப் புரதத்தைப் படிகமாக்கி எக்ஸ்ரே பாய்ச்ச வேண்டும், அந்த வித்தை அவருக்குத் தெரியாது. சவ்வுப் புரதத்தைக் கொழுப்பிலிருந்து பிரித்தால் திரண்டு கட்டியாகிவிடும் என்பதால், தெரிந்தவர்களே தொடத் தயங்கிய வேலை அது. 40 வயதில் ஹார்வர்டை விட்டு நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்துக்குப் போய் இரண்டாவது முறையாக முதலிலிருந்து தொடங்கினார். ஆய்வகத்தில் ஆளே குறைவு, வேதியியல் படித்த அவர் மனைவி ஆலிஸ் லீயும் கூட நின்று வேலை செய்தார்.

1998ல் விடை வந்தது. மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் பொட்டாசியம் மடையை 3.2 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்கு) நுணுக்கத்தில் படம் பிடித்துவிட்டார்கள். புதிருக்கான பதில் எனக்கு இன்றும் சிலிர்ப்பைத் தருவது. தண்ணீரில் இருக்கும் பொட்டாசியத்தை நீர் மூலக்கூறுகள் சுற்றி அணைத்துக்கொண்டிருக்கும். குறுகலான வாயில் நுழைய அந்த நீரைக் கழற்றிவிட்டுத்தான் வர வேண்டும். மடையின் உள்சுவரில் ஆக்சிஜன் அணுக்கள், நீரின் அணைப்பில் இருந்த அதே இடைவெளியில் வரிசையாக நிற்கின்றன. குழந்தையை ஒரு மடியிலிருந்து இன்னொரு மடிக்கு மாற்றுவது போல, பொட்டாசியத்துக்கு எந்தச் சிரமமும் இல்லை. சோடியம் சின்னது என்பதால் எல்லாப் பக்கமும் அதற்கு எட்டாது, நீரை விட்டு வந்தால் நஷ்டம், அதனால் வெளியிலேயே நின்றுவிடுகிறது. 31 வருடம் வேதியியல் நடத்தியவன் நான், இதைவிட அழகான பாடத்தை வகுப்பில் சொன்னதில்லை.

2003ல் அவருக்கு வேதியியல் நோபல் கிடைத்தது. அதைப் பகிர்ந்துகொண்ட பீட்டர் ஆக்ரே, சவ்வில் தண்ணீர் போகும் மடையைக் கண்டுபிடித்தவர், அவரும் மருத்துவம் படித்தவர்தான்! பள்ளியில் வேதியியலில் மோசமான மதிப்பெண் வாங்கியதாக அவரே சொல்லியிருக்கிறார். ஆக அந்த ஆண்டு வேதியியல் பரிசு வாங்கிய இருவருமே டாக்டர்கள். இவர்கள் படித்த மருத்துவம் எங்கே வீணாயிற்று? பொட்டாசியம் ஏறினால் இதயம் என்ன ஆகும் என்று வார்டில் நின்று பார்த்தவனுக்கு இந்த மடை வெறும் படம் இல்லை. பிறவியிலேயே இதயத் துடிப்பு தடுமாறும் சிலருக்குப் பொட்டாசியம் மடையின் மரபணுவில்தான் கோளாறு, புது மருந்துகள் அந்த மடையை அடைக்கின்றனவா என்று சோதிக்காமல் இன்று வெளியே விடுவதில்லை.

உங்கள் ஆலோசகரின் கவலை எனக்குப் புரியாமல் இல்லை. கல்விக் கடன், அப்பா அம்மா, கல்யாணம் எல்லாம் இருக்கும். எல்லோருக்கும் மில்லரைப் போல ஓர் ஆசிரியர் கதவைத் திறந்து வைத்திருக்கவும் மாட்டார். அதைச் சொல்லுங்கள், தப்பில்லை. ஆனால் வழிகளையும் சேர்த்துச் சொல்லுங்கள். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் மூலக்கூறு உயிர் இயற்பியலுக்குத் தனித் துறை இருக்கிறது. அதைத் தொடங்கிய ஜி.என். ராமச்சந்திரன் அதற்கு முன் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்தவர், 1963ல் இங்கிருந்து அவர் வெளியிட்ட வரைபடத்தை வைத்துத்தான் இன்றும் உலகம் முழுக்கப் புரத வடிவங்களைச் சரிபார்க்கிறார்கள். மருத்துவர்களுக்கென்றே ஆராய்ச்சி உதவித்தொகைகளும் நாட்டில் உண்டு. இதையெல்லாம் அரைப் பக்கத்தில் போட்டிருக்கலாம்.

சரி, எதிலிருந்து தொடங்குவது என்று அந்த டாக்டர் கேட்டாரே, அதற்காவது பதில் போய்ச் சேரட்டும். பிளஸ் டூ வேதியியல் புத்தகத்தில் மின் வேதியியல் பாடத்தை எடுத்து, நெர்ன்ஸ்ட் சமன்பாட்டை மறுபடி படிக்கச் சொல்லுங்கள். சவ்வின் இரு பக்கமும் ஓர் அயனியின் அளவு வேறாக இருந்தால் அங்கே எவ்வளவு மின்னழுத்தம் வரும் என்று சொல்லும் கணக்கு அது. செல்லுக்கு உள்ளே பொட்டாசியம் 140 மில்லிமோலார், வெளியே 5, வெப்பநிலை 37 டிகிரி என்று வைத்துப் போட்டுப் பார்க்கட்டும். மைனஸ் 90 மில்லிவோல்ட் பக்கத்தில் ஒரு விடை வரும். ஓய்வில் இருக்கும் இதயத் தசைச் செல்லின் மின்னழுத்தமும் கிட்டத்தட்ட அதுதான் என்று அவருக்கே தெரியும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்,
திண்டுக்கல்.