செயலாளரின் ஆண்டறிக்கை: மூதூர், வெருகல் பூர்வகுடிக் கிராமங்களின் சுகாதாரம்

பெருமதிப்புக்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகசபை உறுப்பினர்களே, இக்கூட்டத்துக்காக விடியமுன் பஸ் ஏறி வந்திருக்கும் தாய்மாரே, பெரியோரே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற ஆண்டு எமது சங்கம் ஒரேயொரு வேலையைத்தான் எடுத்துக்கொண்டது. வைத்தியம் இலவசமாகக் கிடைக்கும் நாட்டில், கரையோர வேடர் என அழைக்கப்படும் எம் தமிழ் பேசும் பூர்வகுடி மக்கள் ஏன் கிளினிக்குக்குப் பிந்தியே வந்து சேர்கிறார்கள் என்பதை அறிவதே அவ்வேலை. சந்தனவெட்டை, நல்லூர், பாட்டாளிபுரம், இளக்கந்தை ஆகிய ஊர்களுக்குச் சென்று குடும்பங்களோடு ஆறுதலாக இருந்து பேசினோம்.

முதலில் தெரியவந்தது கடதாசிச் சிக்கல். 2006 இல் மூதூர் கிழக்கிலிருந்து இடம்பெயர்ந்தபோது தொலைந்த பிறப்புச் சான்றிதழ்களைச் சிலர் இன்னும் மீளப் பெறவில்லை. அடுத்தது தூரம். 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டபின் திருகோணமலைக்கு வரும் பயணம் இலகுவானது உண்மையே. ஆயினும் உள்வீதிகளிலிருந்து பிரதான வீதிக்கு வந்து சேர்வதற்குள் கூலிவேலை செய்பவருக்கு அன்றைய நாட்கூலி போய்விடுகிறது. தேன் எடுக்கக் காட்டுக்கும் மீன்பிடிக்கக் களப்புக்கும் போகும் குடும்பங்களுக்குக் கிளினிக் நாள் பொருந்துவதில்லை. இவற்றையெல்லாம்விட ஆழமான காரணம் ஒன்றை ஒரு தாய் சொன்னார். வரிசையில் நின்றபோது ஒருவர் அவரது ஊரைக் கேட்டுவிட்டு முகத்தைச் சுளித்தாராம். அதற்குப்பின் பிள்ளைக்கு நிறை பார்க்க அவர் போகவேயில்லை. அந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு வந்த அன்று என்னால் குறிப்பெழுத முடியவில்லை.

இது குறித்துச் சந்தித்த அதிகாரி ஒருவர், எல்லோருக்கும் ஒரே வரிசைதானே என்று நல்லெண்ணத்தோடுதான் கேட்டார். வரிசை ஒன்றுதான், அந்த வரிசைக்கு வந்து சேரும் வழி ஒன்றல்ல என்பதே எமது பதிலாக இருந்தது. தேடிச் செல்லும் வல்லமை எமது சுகாதாரத் துறைக்கு இல்லாததுமல்ல. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்ததற்கு, நடமாடும் கிளினிக்குகள் காய்ச்சல்காரரைத் தேடிப்போய் இரத்தம் பரிசோதித்தது முக்கிய காரணம். போர்க்காலத்திலும் நடந்த அவ்வேலை இன்று இக்கிராமங்களுக்கு ஏன் முடியாது?

பூர்வகுடிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் பிரகடனத்துக்கு 2007 இல் இலங்கையும் ஆதரவாக வாக்களித்தது. அதன் 24 ஆம் உறுப்புரை, பாரம்பரிய வைத்தியத்தைப் பேணும் உரிமையையும், பாகுபாடின்றிச் சுகாதார சேவைகளைப் பெறும் உரிமையையும் சேர்த்தே சொல்கிறது. எனவே பெரியவர்களின் சடங்கையும் மூலிகை அறிவையும் கிளினிக்குக்கு எதிராக நிறுத்திப் பேசுவதை நாமும் தவிர்க்க வேண்டும்.

ஆண்டு முழுவதும் எம்மிடையே நீண்ட விவாதம் எண்ணிக்கை பற்றியது. 1911 இல் வெளியான, மானிடவியலாளர்களான செலிக்மன் தம்பதியரின் ஆய்வில் கிழக்குக் கரையோர வேடரைப் பற்றித் தனியே எழுதப்பட்டிருக்க, நூறு ஆண்டுகளுக்குப் பின் 2012 குடிசன மதிப்பீட்டின் இன அட்டவணையில் அவர்களுக்குத் தனி நிரல் இல்லை. எண்ணப்படாத மக்களின் போசாக்குக் குறைவு மாவட்ட சராசரிக்குள் மறைந்துவிடுகிறது. எனினும் கிளினிக் அட்டையில் இனத்தை எழுதும் யோசனையை எமது இளைஞர்கள் மறுத்தார்கள். வேடர் என்ற பெயரை வசையாகக் கேட்டு வளர்ந்தவர்களின் மறுப்பு நியாயமானது. ஆதலால் ஆளுக்கு அடையாளம் இடாமல், குடும்ப நல உத்தியோகத்தரிடம் ஏற்கெனவே உள்ள கர்ப்பவதிகள், பிள்ளைகளின் நிறை, தடுப்பூசி பற்றிய விபரங்களைக் கிராமவாரியாகத் தொகுத்துத் தருமாறு கோருவதென முடிவாயிற்று. தனித்து எழுதப்பட விரும்புவோர் தாமாகவே சொல்லட்டும்.

கணக்கறிக்கையைப் பொருளாளர் சமர்ப்பிப்பார்.

வரும் ஆண்டுக்கு மூன்று கோரிக்கைகளைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு எழுத்தில் கொடுக்கவுள்ளோம்: மேற்சொன்ன கிராமவாரித் தொகுப்பு, மாதமொரு நடமாடும் கிளினிக், இக்கிராமங்களின் பெண்பிள்ளைகளுக்கு சுகாதாரத் தொண்டர் பயிற்சி. பிறப்புப் பதிவு தொடர்பாகப் பிரதேச செயலகத்துக்குச் செல்வோருக்குத் துணையாக வர விரும்பும் உறுப்பினர்கள், கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயரைப் பதிந்துவிட்டுச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்,
திருகோணமலை