கட்டுச்சோறு சாப்பிட ஒரு புல்வெளி கேட்கிறோம்

இலங்கை மலையகத்தின் பொதுப் பூங்காக்களையும் ஏரிக்கரைகளையும் நிர்வகிக்கும் உள்ளூராட்சி அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

உங்கள் பூங்கா வாயில்களில் இப்போது முளைத்துவரும் பலகையைப் பற்றி எழுதுகிறேன். வெளியிலிருந்து உணவு கொண்டுவரத் தடை என்று சொல்லும் பலகை. அது எந்தக் கூட்டத்தில் முடிவானது, உள்ளே நடக்கும் சிற்றுண்டிச்சாலையின் குத்தகைக்கும் அதற்கும் தொடர்பு உண்டா என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அந்தப் பலகையால் போன போயா (பௌர்ணமி) விடுமுறையன்று என் தந்தைக்கு நேர்ந்ததைச் சொல்லி, ஒரு கோரிக்கையை முன்வைக்கவே இந்த மடல். வீட்டிலிருந்து கட்டி வரும் சோற்றைக் குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிட எங்களை விடுங்கள்.

எந்த ஊர் என்று எழுதவில்லை. எழுதினால் அந்த ஊரோடு விஷயம் முடிந்துவிடும். மற்றவர்கள் தங்களுக்கு இல்லை என்று இருந்துவிடுவார்கள்.

அக்கா வீட்டுக்குப் போகும் வழியில் அந்தப் பூங்காவில் இறங்கினோம். அம்மா, அப்பா, நான், என் கணவர், பிள்ளைகள், கூடவே சித்தி. எல்லோருக்கும் டிக்கெட் எடுத்தோம். அம்மா விடியுமுன்னே எழுந்து புளிச்சோறு கிளறி, உருளைக்கிழங்கைப் பிரட்டி, முட்டை அவித்து, வாழையிலையை அனலில் வாட்டி ஆளுக்கொரு பொதியாகக் கட்டியிருந்தார். மரத்தடியில் பாயை விரித்தோம். அப்பாவுக்குச் சர்க்கரை வியாதி. சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் ஊசி. ஊசி போட்டால் அரை மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டும் என்பது டாக்டர் சொன்ன கட்டளை. பாயில் உட்கார்ந்தபடியே ஊசியைப் போட்டுக்கொண்டார். அம்மா பொதியின் நூலை அவிழ்த்தார். அப்போதுதான் பாதுகாப்பு ஊழியர் வந்தார்.

"அம்மா, இங்கே சாப்பிட முடியாது. சுருட்டி எடுத்துக்கொள்ளுங்கள்."

எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளைப் போன்ற ஓர் இளைஞன். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். அப்பா, "தம்பி, இப்போதுதான் ஊசி போட்டேன். பத்து நிமிடம் கொடுங்கள். நான் மட்டுமாவது சாப்பிட்டுவிடுகிறேன்" என்று கேட்டார். அந்தப் பிள்ளை மேலதிகாரிக்குத் தொலைபேசி எடுத்தார். பதில் எங்கள் காதிலும் விழுந்தது: சாப்பிட வேண்டுமென்றால் உள்ளே சிற்றுண்டிச்சாலை இருக்கிறது, போகச் சொல். "கோபித்துக்கொள்ளாதீர்கள் ஐயா, கமரா இருக்கிறது. என் வேலை போய்விடும்" என்றார் அவர். அப்பா அதற்குமேல் பேசவில்லை.

சிற்றுண்டிச்சாலையில் சுற்றுலா பஸ்களின் கூட்டம். உட்கார இடமில்லை, சோறு வர முக்கால் மணி நேரமாகும் என்றார்கள். பாயையும் பொதிகளையும் தூக்கிக்கொண்டு வேனைத் தேடி நடந்தோம். வாகனத் தரிப்பிடம் நிறைந்திருந்ததால் வேன் வெகுதூரம் தள்ளி நின்றது. பாதி வழியில் அப்பாவின் கை நடுங்க ஆரம்பித்தது. பனிமூட்டம் இறங்கி, நாங்கள் எல்லோரும் கம்பளிக்குள் ஒடுங்கியிருந்த குளிரில் அவருடைய சட்டை வியர்வையில் நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கேட்டதற்குப் பதில் சொல்லத் தடுமாறினார். வெறுந்தேநீரோடு கடித்துக்கொள்ள எடுத்து வைத்திருந்த கித்துள் கருப்பட்டியை உடைத்து அவர் வாயில் வைத்தார் அம்மா. மதில் ஓரமாக அவரை உட்காரவைத்து, பிளாஸ்க்கில் இருந்த தேநீரைப் புகட்டினோம். கொஞ்சம் தெளிந்த பிறகு, லொறிகள் உரசிக்கொண்டு போகும் வளைவில் வேனின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிட்டார். நாற்பது வருடம் தேயிலைத் தொழிற்சாலையில் உழைத்த மனிதர், டிக்கெட் வாங்கி நுழைந்த பூங்காவிலிருந்து வெளியேற்றப்பட்டு, டீசல் புகையில் சோறு உண்டார். அந்தக் கருப்பட்டித் துண்டு கையில் இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை உங்கள் கூட்டத்தில் யாராவது எழுந்து சொல்லட்டும்.

குப்பை சேருகிறது, அதனால்தான் தடை என்பீர்கள். குப்பை விஷயத்தில் நான் உங்கள் பக்கம். ஏரிக்கரையில் பொலித்தீன் பறப்பதைப் பார்த்து வயிறு எரிபவர்களில் நானும் ஒருத்தி. ஆனால் அன்று எங்கள் கையில் இருந்தது வாழையிலை. நாங்கள் பாய் விரித்த இடத்துக்குப் பக்கத்திலேயே, நீங்கள் அனுமதி கொடுத்த கடையில் பொரித்த கோழியைப் பிளாஸ்டிக் பெட்டியில் போட்டு விற்றுக்கொண்டிருந்தார்கள். குப்பைத்தொட்டி நிரம்பி வழிந்தது அந்தப் பெட்டிகளால். சோறு கட்டும் பொலித்தீன் தாள் 2017 இல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டது. அந்தத் தடையை ஒழுங்காக நடைமுறைப்படுத்தினாலே பாதிக் குப்பை வராது. ஹோட்டன் சமவெளிக்குப் போனால் நுழைவாயிலில் பையைச் சோதித்து, பொலித்தீன் உறைகளையும் தண்ணீர்ப் போத்தலின் மேற்தாளையும் கழற்றி எடுத்துக்கொண்டு உள்ளே விடுகிறார்கள். அங்கே காப்பாற்ற வேண்டியது ஒரு தேசியப் பூங்கா. அதற்கே அந்த வழி போதுமாக இருக்கிறது. நகரப் பூங்காவின் புல்வெளிக்கு அது ஏன் போதாது?

பிரயாணத்தில் சோறு கட்டிப் போவதைப் பணம் இல்லாதவர்களின் பழக்கம் என்று யாரோ உங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள் போலும். பணமும் ஒரு காரணம்தான், மறைக்கவில்லை. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1350 ரூபாயானது 2024 செப்டெம்பரில்தான். ஒரு குடும்பம் உங்கள் சிற்றுண்டிச்சாலையில் உட்கார்ந்து எழுந்தால் பல நாள் கொழுந்து பறித்த காசு போய்விடும். ஆனால் அது மட்டுமல்ல. சிவனொளிபாதமலைக்கு டிசம்பர் போயாவிலிருந்து வெசாக் போயா வரை ஏறுகிறவர்களைப் பாருங்கள். கதிர்காமத்துக்குப் போகிறவர்களைப் பாருங்கள். தமிழ்க் குடும்பம், சிங்களக் குடும்பம், முஸ்லிம் குடும்பம் என்று வித்தியாசமில்லாமல் வழியில் நிழல் கண்ட இடத்தில் வேனை நிறுத்திப் பாய் விரிக்கிறார்கள். பக்கத்துப் பாயிலிருந்து நம் பாய்க்குச் சம்பல் வரும், நம்மிடமிருந்து வடை போகும். பேராதனைப் பூங்காவின் பெரிய புல்வெளியில் நாற்பது பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து, பார்சலைப் பிரித்து, ஒருத்தி முட்டையை இன்னொருத்திக்குப் பாதி கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன். பள்ளிச் சுற்றுலாவில் அவர்கள் அதிகம் பேசுவது அந்தச் சாப்பாட்டைப் பற்றித்தான்.

ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1867 இல் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்ட காலத்திலிருந்து இந்த மலைகளைத் திருத்திப் பச்சையாக்கியவர்கள் யார்? சுற்றுலாப் பிரசுரங்களின் அட்டையில் கூடையோடு சிரிப்பவர்கள் யார்? எங்கள் அம்மாமார் மலையில் வேலை செய்யும்போது, ரொட்டியையும் சம்பலையும் தேயிலைச் செடிக்கு நடுவே நின்றபடி விழுங்கிவிட்டு அடுத்த நிறைக்கு, அதாவது அடுத்த செடி வரிசைக்கு, ஓடியவர்கள். அட்டைக்கடியும் மழையும்தான் அவர்களுக்குப் பந்தி. ஓய்வுபெற்ற பிறகாவது பிள்ளைகள், பேரப்பிள்ளைகளோடு ஒரு புல்வெளியில் காலை நீட்டி உட்கார்ந்து சாப்பிடலாம் என்று நினைப்பது அவ்வளவு பெரிய ஆசையா? அந்தப் பலகையில் தமிழில் ஓர் எழுத்துக்கூட இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1987 இல் பதின்மூன்றாம் திருத்தம் தமிழை அரசகரும மொழியாக்கியது. நுவரெலியா மாவட்டத்தில் பாதிக்கு மேற்பட்டவர்கள் தமிழ் பேசுகிறவர்கள். எங்களைத் தடுக்கும் உத்தரவைக்கூட எங்களுக்கு விளங்கும் மொழியில் எழுதத் தோன்றவில்லை. மலசலகூடத்தைப் பற்றித் தனியாக ஒரு மடல் எழுத வேண்டும். காசு வாங்குகிறீர்கள், தண்ணீர் வருவதில்லை, பெண்கள் படும் பாட்டைக் கேட்க ஆளில்லை.

கோபம் எழுத்தில் ஏறிவிட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களோடு சண்டைபிடிக்க வரவில்லை, கேட்கத்தான் வந்திருக்கிறேன்.

வீட்டுச் சோற்றைக் குடும்பத்தோடு சாப்பிட விடுங்கள். பூங்கா முழுவதும் வேண்டாம். பூப்பாத்திகளுக்கு அப்பால், மரநிழல் உள்ள ஒரு மூலையை ஒதுக்குங்கள். கைகழுவ ஒரு குழாயும், இலைக்கும் எச்சிலுக்கும் தனியாக மூடியோடு ஒரு தொட்டியும் போதும். வாயிலில் பையைச் சோதியுங்கள்; பொலித்தீன் இருந்தால் எடுத்துவிடுங்கள், குப்பை போட்டால் தண்டம் அறவிடுங்கள், ஒருவரும் குறை சொல்லமாட்டோம். நோயாளிகள், முதியவர்கள், கைக்குழந்தைக்காரர்கள் எந்த இடத்திலும் உடனே சாப்பிடலாம் என்று ஊழியர்களுக்கு எழுத்தில் அறிவுறுத்தல் கொடுங்கள். இதற்குப் பெரிய நிதி வேண்டியதில்லை. ஏப்ரல் விடுமுறைக்கு முன்பே செய்துவிடலாம். அந்த மாதத்தில்தான் நாடெங்கிலுமிருந்து குடும்பங்கள் மலையேறி வருகின்றன.

கடைசியாக, பணிவோடு ஒன்று. இந்த மடலைப் படித்துவிட்டு அன்று பணியில் இருந்தது யார் என்று தேடாதீர்கள். அந்தப் பிள்ளை உத்தரவைத்தான் நிறைவேற்றினார். நாங்கள் வெளியேறும்போது ஒரு பையைத் தானே வாங்கி வாயில் வரை தூக்கி வந்தார். அவருடைய வேலைக்கு எந்தக் குறையும் வரக்கூடாது. மாற்ற வேண்டியது அந்தப் பலகையை.

இப்படிக்கு,
தோட்டப் பாடசாலை ஆசிரியை ஒருவர்