24 வோல்ட் என்று எழுதி விற்ற ஸ்பீடு கன்ட்ரோலர் பற்றிய புகார்

பெறுநர்
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: மாடல் டாங்கிக்கு வாங்கிய இரட்டை மோட்டார் ஸ்பீடு கன்ட்ரோலர் வெடித்தது, முழுத் தொகையைத் திருப்பித் தரக் கோருதல்

பார்வை: தாங்கள் அனுப்பிய 3 மின்னஞ்சல்கள்

ஐயா / அம்மா,

வணக்கம். உங்கள் கன்ட்ரோலரை வாங்கி 7 வாரம் ஆகிறது. அதில் 3 வாரம் உங்கள் பதிலுக்குக் காத்திருந்தே போனது. நான் 3 மின்னஞ்சல் எழுதினேன், 3 பதில் வந்தது, மூன்றும் ஆளுக்கொரு காரணம் சொன்னது. அதனால் நடந்ததை முதலிலிருந்து ஒரே கடிதத்தில் எழுதிவிடுகிறேன். அடுத்து இதைக் கையில் எடுப்பவர் பழைய கடிதங்களைத் தேடி அலைய வேண்டாம்.

என்னிடம் இருப்பது அசலில் ஆறில் ஒரு பங்கு அளவுள்ள, ரிமோட்டில் ஓடும் டைகர் 1 டாங்கி (இரண்டாம் உலகப் போரின் ஜெர்மன் டாங்கி). பீரங்கிக் குழலோடு சேர்த்து 1.4 மீட்டர் நீளம், உடல் முழுக்க உலோகம், எடை 95 கிலோ. (அசல் வண்டி 57 டன். நீளம் ஆறில் ஒன்றானால் எடை 216இல் ஒன்றாகும். அந்தக் கணக்குப்படி 264 கிலோ வந்திருக்க வேண்டும். நல்லவேளை, அவ்வளவு வரவில்லை.) உங்கள் இரண்டாவது மின்னஞ்சலில் இதைப் 'பொம்மை' என்று எழுதியிருந்தீர்கள். 95 கிலோ இரும்பு சொன்ன பேச்சு கேட்காமல் ஓடினால் என்ன ஆகும் என்பது பொம்மை என்று எழுதியவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. எனக்குத் தெரியும், கீழே சொல்கிறேன்.

வண்டியில் இருந்த மின்சாதனங்கள் எல்லாம் பழையவை. 40 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ, இடது சங்கிலிக்கு ஒரு கன்ட்ரோலர், வலதுக்கு ஒன்று, ரிமோட்டில் கைக்கு ஒரு குச்சியாக இரண்டு. அவற்றைக் கழற்றிவிட்டு 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிசீவர், அசல் டைகரின் மேபாக் 12 சிலிண்டர் இன்ஜின் சத்தத்துக்கு ஒரு போர்டு, குழல் பின்னுக்கு உதைக்க ஒரு சர்வோ (சொன்ன அளவுக்குத் திரும்பும் சிறு மோட்டார்), ஏறி இறங்க ஒரு சர்வோ என்று புதிதாகப் போட்டேன். நடுநாயகமாக உங்கள் கன்ட்ரோலர். ஒரே குச்சியில் ஓட்டவும் திருப்பவும் முடியும் என்பதற்காகவே அதை வாங்கினேன். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் '24 வோல்ட், பக்கத்துக்கு 60 ஆம்பியர்' என்று இருக்கிறது. என் வண்டியில் இருப்பது சீரியலில் இணைத்த இரண்டு 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி. பொருத்தமான ஜோடிதான் என்று நம்பினேன்.

முதல் நாளே தகராறு. பத்து நிமிடம் நன்றாக ஓடும். பிறகு குழலை ஏற்றி இறக்கினால் வண்டி அப்படியே நின்றுவிடும். கொஞ்ச நேரம் கழித்துத் தானாகவே உயிர் வரும். இதை எழுதியபோது 'ரேடியோ இடைஞ்சல், ஆன்டெனாவை இடம் மாற்றுங்கள்' என்றீர்கள். மாற்றினேன். அதோடு நிற்காமல், மோட்டார்கள் கிளப்பும் மின் இரைச்சலை அடக்க இரண்டு மோட்டாரிலும் தலா மூன்று 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் கெபாசிட்டரைச் சால்டர் செய்தேன். முனைகளுக்கு நடுவில் ஒன்று, ஒவ்வொரு முனையிலிருந்தும் மோட்டார் கூட்டுக்கு ஒன்று. ஒரு மாற்றமும் இல்லை. கடைசியில் ரிசீவருக்குப் போகும் உங்கள் ஒயரில் 5 வோல்ட்டைக் கொண்டுபோகும் சிவப்பை மட்டும் உருவிவிட்டு, தனியாக ஒரு ஸ்விட்சிங் கன்வெர்ட்டர் போட்டு 5 வோல்ட் கொடுத்தேன். நின்று நின்று போன வண்டி அன்றிலிருந்து நிற்கவில்லை. ஆன்டெனாவைப் பழைய இடத்துக்கே மாற்றிவிட்டேன், அங்கேயேதான் இருக்கிறது.

காரணம் பிறகு தெரிந்தது. 24 வோல்ட்டை 5 ஆக இறக்க உள்ளே ஒரு மூன்று கால் லீனியர் ரெகுலேட்டரை வைத்திருக்கிறீர்கள். பேட்டரி 25.5 வோல்ட், வேண்டியது 5, மீதி 20.5 வோல்ட்டை அது சூடாகத்தான் கழித்தாக வேண்டும். ரிசீவரும் சர்வோக்களும் சேர்ந்து 0.8 ஆம்பியர் இழுத்தால் 16 வாட்டுக்கு மேல் வெப்பம். ஒரு சின்ன சால்டரிங் அயர்னையே மூடிய பெட்டிக்குள் வைத்த மாதிரி. அது சூடேறித் தன்னைத் தானே அணைத்துக்கொண்டது. அதன் மேல் தப்பில்லை.

இதையும் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது 12ஆவது ஓட்டத்தில் நடந்தது. கிளம்புமுன் மல்டிமீட்டரில் பார்த்தேன், 25.6 வோல்ட். ஒரு சரிவில் இறக்கிக்கொண்டிருந்தபோது குச்சியை நடுவுக்குக் கொண்டுவந்தேன். பட்டாசு மாதிரி ஒரு சத்தம், பின் மூடியின் கம்பிவலை வழியே வெள்ளைப் புகை, மீன் அழுகியது போல ஒரு நாற்றம். வலது சங்கிலி நின்றது. இடது நிற்கவில்லை. ரிமோட்டில் எதைத் தள்ளினாலும் கேட்காமல், நின்ற இடத்திலேயே வட்டமடித்தது. குழல் என் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளிச் சுழன்று போனது. பழைய வழக்கப்படி பின் மூடிக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் மெயின் சுவிட்ச் ஒன்றை வைத்திருந்தேன். குழல் மறுபக்கம் போன நேரம் பார்த்துப் பின்னால் பாய்ந்து அதை அணைத்தேன். அந்த சுவிட்ச் வேண்டும் என்று உங்கள் கையேட்டில் ஒரு வரி கிடையாது. கையேடு என்ன கையேடு, நாலாக மடித்த ஒரு தாள்.

இரண்டாவது மின்னஞ்சலில் 'பேட்டரியை மாற்றி இணைத்திருப்பீர்கள். உள் போர்டின் படம் அனுப்புங்கள்' என்றீர்கள். நான்கு திருகைக் கழற்றிப் படம் எடுத்து அனுப்பினேன். மூன்றாவது மின்னஞ்சல் வந்தது: 'பெட்டியைத் திறந்துவிட்டதால் வாரன்டி செல்லாது.' இதை எழுதியவரும் படம் கேட்டவரும் ஒரே ஆளா என்று தெரியவில்லை. ஒரே முகவரியிலிருந்துதான் வந்திருக்கிறது.

பிளஸ் மைனஸ் மாற்றி இணைத்திருந்தால் சுவிட்சைப் போட்ட கணமே போர்டு போயிருக்கும். 11 முறை ஓடிவிட்டு 12ஆவது முறைக்குக் காத்திருக்காது.

அந்தப் படத்தை நீங்கள் உற்றுப் பார்த்தீர்களா? உங்கள் போர்டில் வெடித்த கெபாசிட்டரின் தலை மூன்று இதழாகப் பிளந்திருக்கிறது, உள்ளிருந்த காகிதச் சுருள் வெளியே தொங்குகிறது. உறையில் உள்ள எழுத்து மட்டும் அழியவில்லை: 1000 மைக்ரோஃபாரட், 25 வோல்ட். பக்கத்தில் உப்பிப்போய் நிற்கும் அதன் ஜோடியிலும் அதே 25 வோல்ட்.

முழுதாகச் சார்ஜ் ஆன லெட் ஆசிட் பேட்டரி சும்மா இருக்கும்போதே 12.7, 12.8 வோல்ட் காட்டும். இரண்டு சேர்ந்தால் 25.5. அதாவது உங்கள் போர்டு ஒயரை மாட்டிய நிமிடத்திலேயே கெபாசிட்டர் தாங்கும் 25 வோல்ட் வரம்பைத் தாண்டிவிடுகிறது. சரிவில் 95 கிலோ தள்ளும்போது மோட்டார்கள் ஜெனரேட்டராக மாறித் திருப்பி அனுப்பும் மின்சாரம் அதற்கு மேல். 24 வோல்ட் வேலைக்கு 35 வோல்ட்டோ 50 வோல்ட்டோ உள்ள கெபாசிட்டரைப் போடுவதுதான் முறை. மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைத் திறந்து மூடும் மாஸ்ஃபெட்களில் கருகாமல் மிஞ்சிய ஒன்றின் எண்ணை வைத்து அதன் விவரத்தாளையும் பார்த்தேன்: தாங்கும் உச்சம் 30 வோல்ட். 12 வோல்ட்டுக்குச் செய்த போர்டின் மேல் 24 என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறீர்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இல்லையென்றால் மறுத்து எழுதுங்கள், காத்திருக்கிறேன். ஆம்பியர் கணக்கில் குறை சொல்ல மாட்டேன். புல்தரையில் நின்ற இடத்தில் திரும்பும்போது கிளாம்ப் மீட்டரில் பக்கத்துக்கு 38தான் காட்டியது.

கன்ட்ரோலருக்கும் அனுப்பும் செலவுக்கும் நான் கொடுத்த தொகை முழுவதையும் 15 நாளுக்குள் திருப்பி அனுப்புங்கள். மாற்று போர்டு வேண்டாம். அதே கெபாசிட்டரோடு வரும் இன்னொன்றை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? இதே பொருளை வாங்கிய மற்றவர்களுக்கும் தகவல் சொல்லுங்கள். என் சுவிட்ச் மாதிரி ஒன்று எல்லா வண்டியிலும் இருக்கும் என்று சொல்ல முடியாது. சத்தப் போர்டும் சர்வோக்களும் தப்பிவிட்டன, அவற்றுக்காக எதுவும் கேட்கவில்லை.

வெடித்த போர்டை அதன் பெட்டியிலேயே, நான்கு திருகோடு எடுத்து வைத்திருக்கிறேன். எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்று எழுதினால் மறுநாளே அனுப்புகிறேன். கெபாசிட்டரை மட்டும் அனுப்ப மாட்டேன். பணம் வந்து சேரும்வரை அது என்னிடம் இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: ரசீது நகல், போர்டின் படங்கள் 6, தங்கள் மின்னஞ்சல்களின் நகல் 3