தம்பி விஷயமாக அம்மாவுக்கு

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். உன் கடிதம் கிடைத்தது. அப்பாவுக்குக் கால் வீக்கம் வடிந்ததில் நிம்மதி. தம்பி வங்கித் தேர்வுப் பயிற்சியை விட்டுவிட்டு நாடக ஒத்திகையே கதி என்று கிடக்கிறானாமே. மாமா வேறு வந்து கத்திவிட்டுப் போனாரா?

இங்கே குளிர் எலும்பைத் துளைக்கிறது. ஹீட்டரை நான் அதிகம் போடுவதில்லை, கம்பளிச் சட்டையே போதும். லண்டனில் எங்கள் டூட்டிங் பகுதிக் கடைகளில் முருங்கைக்காய்கூடக் கிடைக்கிறது. ஞாயிறு வந்தால் கீழ்வீட்டுப் பாட்டி கூப்பிட்டுவிடுவார். அந்தக் கால ஆங்கில நடிகர் லெஸ்லி ஹோவர்ட் நடித்த படம் ஒன்று ஓடும். அந்தக் காலத்துச் சிகரெட் பெட்டிகளில் வந்த நடிகர் அட்டைகளைப் பாட்டியின் தாயார் ஒரு பிஸ்கட் டப்பா நிறையச் சேர்த்து வைத்திருந்தாராம். ஹோவர்டின் அட்டையை மட்டும் பாட்டி என் கையில் தரமாட்டார். தானே எடுத்துக் காட்டிவிட்டு உள்ளே வைத்துவிடுவார்.

தம்பிக்காகவே அவரைப் பற்றி எழுதுகிறேன். 1893இல் லண்டனில் பிறந்தவர். தந்தை ஹங்கேரியிலிருந்து வந்த யூதர். ஹோவர்டும் முதலில் வங்கிக் குமாஸ்தாதான். முதல் உலகப் போருக்குப் போய், நலம் குன்றித் திரும்பிய பிறகே நாடகத்தில் இறங்கினார். 1920களில் நியூயார்க் மேடையில் பெரிய பெயர். 1934இல் வந்த ‘தி ஸ்கார்லெட் பிம்பர்னல்’ படத்தில் வெளிக்குச் சோம்பேறிப் பிரபு, உள்ளுக்குள் வீரர். கண் இமையைக் கொஞ்சம் தாழ்த்தியே ஆள் மாறிவிடுகிறார், அம்மா! வேறொரு நாடகத்தில் தன்னோடு நடித்த ஹம்ஃப்ரி போகார்ட் என்ற நடிகருக்கே, அது படமானபோதும் அதே வேடத்தைத் தர வேண்டும் என்று ஸ்டூடியோவிடம் பிடிவாதமாக நின்றவர். போகார்ட் பின்னாளில் தன் மகளுக்கு லெஸ்லி என்று பெயர் வைத்தார். நாடகக்காரர்களுக்கு நன்றி கிடையாது என்று மாமா சொன்னால் இதைச் சொல்.

1943 ஜூன் 1ஆம் தேதி, லிஸ்பனிலிருந்து இங்கிலாந்துக்கு அவர் திரும்பிய விமானத்தை ஜெர்மன் போர் விமானங்கள் கடலில் சுட்டு வீழ்த்தின. வீடு வந்து சேரவில்லை. பாட்டி இதைச் சொன்ன இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. நம் திண்ணையும், விடியற்காலையில் நீ வாசல் தெளிக்கும் சத்தமும் நெஞ்சை அடைத்தன. பொங்கலுக்கு வரத்தான் நினைத்தேன். டிக்கெட் விலை இறங்கட்டும், சித்திரையில் பார்க்கலாம்.

தம்பியைத் திட்ட வேண்டாம் என்று அப்பாவிடம் சொல். தேர்வையும் எழுதட்டும், ஒத்திகைக்கும் போகட்டும். பயிற்சிக் கட்டணத்தின் அடுத்த தவணையை வரும் மாதம் அனுப்புகிறேன். சம்பளம் கொஞ்சம் தள்ளிப்போகிறது, வேறொன்றும் இல்லை. அத்தைக்குத் தர வேண்டியதை நெல் விற்ற பணத்தில் கொடுத்துவிடு. வீட்டு வரி ரசீது மாமாவிடம்தான் இருக்கிறது, கேட்டு வாங்கி வை.

அன்புடன்,
உன் மகன்